குத்தாத உள்பை

மோர்னிங்சைட்
02.10.2025

அன்புள்ள ஸியாத் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் ரிஸ்மியா மதினியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று தொழுகையில் கேட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கேட்க மனம் வராத நாட்களிலும் கேட்டிருக்கிறேன். வாப்பா பழக்கிவிட்ட பழக்கம், விட முடியவில்லை.

உம்மாவின் நாற்பதாம் கத்தம் முடிந்து இன்றைக்குப் பத்து நாள். புரியாணி நன்றாக இருந்தது என்று ஊரெல்லாம் சொல்கிறது. நான் எதைச் சாப்பிட்டேன் என்றே எனக்குத் தெரியாது. குசினி வாசலில் நின்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். துஆ முடிந்ததும் சொல்வார், கை கழுவியதும் சொல்வார், சப்பாத்தைப் போடும்போதாவது என்னைக் கூப்பிட்டுச் சொல்வார் என்று. நீங்கள் மிச்ச இறைச்சியைப் பெட்டியில் போட்டுத் தரச் சொன்னீர்கள்.

போன வருஷம் மே மாதம் உங்கள் காரின் ஆசனத்துக்குக் கீழே பொலிஸ் எடுத்த கைத்துப்பாக்கி உங்களுடையது. உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உள்ளே இருக்கும் என் மகன் ஸிராஜுக்கும் தெரியும். ஒஷாவாவில் எலக்ட்ரீஷியன் வேலைக்கு நேர்முகம் என்று உங்கள் காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போன பிள்ளை அவன். பின் விளக்கு எரியவில்லை என்று மறித்தார்கள். இன்று மூன்றரை வருஷத் தண்டனையில் இருக்கிறான்.

அன்றைக்கு என் கடைக்கு வந்து, தையல் மெஷினில் கையை வைத்துக்கொண்டு நீங்கள் சொன்னது: "உம்மாக்கு நெஞ்சு வருத்தம். இப்ப நான் உள்ள போனா அவ தாங்கமாட்டா. உம்மா இருக்கிற வரைக்கும் பொறு தங்கச்சி, பிறகு நானே போய்ச் சொல்லுறன்." உள்ளே பார்க்கப் போனபோது ஸிராஜும், "உம்மும்மாக்குத் தெரியவேண்டாம்" என்று தலையாட்டினான். நானும் பொலிஸிடம், யாருடையது என்று எனக்குத் தெரியாது என்று பொய் சொன்னேன்.

உம்மா இப்போது இல்லை. மையித்தைத் தூக்கும்போது சந்தூக்கின் முன்பக்கம் உங்கள் தோளில் இருந்தது. என் பிள்ளைக்கு வந்து பார்க்க அனுமதியே கிடைக்கவில்லை. இனி எதற்குக் காத்திருக்கிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். போனில் கதைக்க வேண்டாம் என்றீர்கள், தபாலும் வேலைநிறுத்தம். உங்கள் டிரைவர் றொபேட் இந்தப் பக்கம் பழுதான வண்டி இழுக்க வரும்போது அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் தங்கச்சி,
அஃபீபா

*

ரெக்ஸ்டேல்
09.10.2025

என் அன்புத் தங்கச்சி அஃபீபாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். நம்புவாயோ மாட்டாயோ, அது உன் மனம்.

சொன்ன சொல்லை நான் மறக்கவில்லை. ஆனால் நீயே யோசித்துப் பார். பனி விழப் போகிறது. டோ ட்ரக்காரனுக்கு வருஷத்தில் நாலு மாதம்தான் பிழைப்பு. இப்போது நான் உள்ளே போனால் எட்டு டிரைவர்மார் தெருவில் நிற்பார்கள். பனிக்காலம் போகட்டும். மார்ச்சில் வக்கீலைப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். ஸிராஜ் வாலிபப் பிள்ளை. நல்ல சாப்பாடு, ஜிம், படிப்பு எல்லாம் உள்ளே இருக்கிறதாம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, சீனி வருத்தம் வேறு.

இன்னொரு விஷயம். என்ன நிலைமை என்று உனக்குத் தெரியாது. விபத்து நடந்த இடத்துக்கு முதலில் யார் போவது என்ற போட்டியில் ஆகஸ்டில் என் வண்டியை எரித்தார்கள். போன கிழமை வண்டிகள் விடும் யார்ட் வாசலில் ஒருவன் காரை நிறுத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் திரும்பவும் ஒரு சாமான் வாங்கியிருக்கிறேன். திட்டாதே. கையில் ஒன்றும் இல்லாமல் நான் வெளிக்கிட முடியாது.

வைத்திருக்கத்தான் முடியவில்லை. நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறவன் நான், இடுப்பு எலும்பு புண்ணாகிவிட்டது. கடையில் விற்கிற உறை எதுவும் என் உடம்புக்குச் சரிவரவில்லை. என் வின்டர் கோட்டை றொபேட்டிடம் தந்து விடுகிறேன். உள்ளுக்கு ஒரு பை வைத்துத் தா. குத்தக்கூடாது, வெளியே தெரியக்கூடாது, நான் குனிந்து நிமிர வேண்டும். உன் கை பட்டால் எந்தத் துணியும் சொன்ன சொல் கேட்கும் என்று வாப்பா சொல்வார். அவசரம்.

வாசித்ததும் கிழித்துப் போடு.

உன் நானா,
ஸியாத்

*

மோர்னிங்சைட்
13.10.2025

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கோட் வந்து சேர்ந்தது. உள் லைனிங் இரண்டு இடத்தில் கிழிந்து தொங்குகிறது, மதினி கவனிப்பதே இல்லையா? பையில் பழைய டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பி மூடி மூன்று கிடந்தது. டொக்டர் விடச் சொன்ன சீனிக் கோப்பி இதுதான்.

கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் நான் கடையைத் திறக்கவில்லை. தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். உங்களுக்கு இடுப்பில் வந்திருக்கிறது. சரி, விடுங்கள். மார்ச் என்றால் மார்ச். உங்களோடு வாதாடி வென்றவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

பை வைக்கலாம். ஆனால் இப்படி இரண்டு வரி எழுதி அனுப்பினால் என்னால் தைக்க முடியாது. சாமான் என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தையில் வாங்குகிற கத்தரிக்காயும் சாமான்தான். என்ன பொருள், எவ்வளவு பாரம், முன்பு வைத்திருந்தது மாதிரியா வேறா, ஒளிக்காமல் எழுதுங்கள்.

இந்தப் பிளாசாவில் மேல்மாடியில் இருக்கும் நவரட்ணம் அங்கிளுக்கு இன்சுலின் பம்ப் வைக்க ஒரு பை தைத்துக் கொடுத்தேன். ஆறு பேரிடம் கொடுத்துச் சரிவராமல் என்னிடம் வந்தவர். நான் முதலில் அளவு நாடாவை எடுக்கவில்லை. கதிரையில் எப்படி இருப்பீர்கள், எந்தப் பக்கம் சாய்வீர்கள், கடைசியாக எப்போது பொறுக்க முடியாமல் கழற்றி வைத்தீர்கள் என்று உட்கார வைத்துக் கேட்டேன். கடைசிக் கேள்வியில்தான் எனக்கு அளவு கிடைக்கும். ஒருவர் ஒன்றைக் கழற்றி எறிந்த நாளை முழுசாகச் சொன்னால் எங்கே அழுத்தியது, எவ்வளவு நேரம் பொறுத்தார் என்று எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். இப்போது அங்கிள் அந்தப் பையோடு நித்திரை கொள்கிறார்.

உங்களிடமும் அதைத்தான் கேட்கிறேன். முன்பு எங்கெங்கே வைத்துப் பார்த்தீர்கள், ஏன் சரிவரவில்லை, கழற்றி வைத்த நாளில் என்ன நடந்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள். அரைகுறையாக எழுதினால் பையும் அரைகுறையாகத்தான் வரும்.

உங்கள் தங்கச்சி,
அஃபீபா

*

ரெக்ஸ்டேல்
20.10.2025

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். உன் கடிதம் என் மனதைக் குளிரப்பண்ணிவிட்டது. நீ கோபத்தில் கோட்டைத் திருப்பி அனுப்புவாய் என்று நினைத்திருந்தேன். இரத்தம் இரத்தம்தான். இந்தக் கதையை ரிஸ்மியாவிடமும் சொல்ல முடியாது. சொன்னால் அழுது ஊரைக் கூட்டுவாள். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

கேட்டபடியால் எழுதுகிறேன். இதுவும் ஒரு கைத்துப்பாக்கிதான். பழையதும் இதுவும் ஒரே வகை, ஒரே பாரம். ஒரே ஆளிடம்தான் இரண்டையும் வாங்கினேன்.

முதலில் வலப்பக்க இடுப்பில் வைத்தேன். சீட் பெல்ட் பூட்டுகிற இடத்தில் எலும்போடு எலும்பாக அழுத்தும். அரை மணித்தியாலத்தில் கால் விறைத்துவிடும். பிறகு முதுகுப் பக்கம் வைத்தேன், சாய்ந்து இருக்க முடியாது. முன்னுக்கு வைத்தால் சங்கிலி மாட்டக் குனியும்போது வயிற்றில் இடிக்கும், எனக்கு வயிறு வேறு வைத்துவிட்டது. தோளில் குறுக்கே போடுகிற சின்னப் பை ஒன்று வாங்கினேன். அதைக் கண்டுவிட்டு ரிஸ்மியா, "என்ன, பொம்பிளையள்ட ஹேண்ட்பேக்கோட வெளிக்கிட்டிருக்கிறீங்க" என்று சிரித்தாள். உள்ளே என்ன என்று அவளுக்குத் தெரியாது. அன்றோடு அதை விட்டேன்.

கழற்றி வைத்த நாளைக் கேட்டாய். எனக்கு அது நன்றாக ஞாபகம். போன வருஷம் மே ஒன்பதாம் திகதி, வியாழக்கிழமை. பிரம்டனில் இருந்து வந்துகொண்டிருந்தேன், 401 நெடுஞ்சாலையில் ஒரே நெரிசல். இரண்டு மணித்தியாலமாக அது இடுப்பில் ஏறி மிதித்துக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் இழுத்து எடுத்து ஆசனத்துக்குக் கீழே தள்ளிவிட்டேன். அப்பாடா என்று இருந்தது. வீட்டுக்கு வந்து, தொழுது, சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். அடுத்த நாள் விடிய ஸிராஜ் வந்து, "மாமா, காரைத் தாங்க, நேர்முகத்துக்குப் பிந்துது" என்றான். கார் திறப்பைக் கொடுத்தேன். கீழே கிடப்பது நினைவே இல்லை. அவன் போய் ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு இடுப்பைத் தடவிப் பார்த்தபோதுதான் நினைவு வந்தது.

உடனே போன் பண்ணியிருக்கலாம். பண்ணினால் அவன் பயந்து அதில் கையைப் போடுவான், போனில் பதிவாகும் என்று யோசித்தேன். பேசாமல் போய் வரட்டும் என்று விட்டேன். பின் விளக்கு எரியாது என்று எனக்குத் தெரியும்தான், ஆனால் பகல்தானே என்று நினைத்தேன்.

பார்த்தாயா, அன்றைக்கு அது குத்தாமல் இருந்திருந்தால் உன் பிள்ளை இன்று வெளியில். எல்லாம் அந்த உறை சரியில்லாததால் வந்த வினை. அதனால்தான் சொல்கிறேன், இந்த முறை நல்லதாகத் தைத்துத் தா.

கிழித்துப் போடு.

நானா,
ஸியாத்

*

மோர்னிங்சைட்
24.10.2025

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் கேட்டதற்கு மேலாகவே எழுதியிருக்கிறீர்கள். அளவு பிடிபட்டுவிட்டது. இவ்வளவு நாளும் நான் உங்களிடம் இப்படிக் கேட்காமல் விட்டது என் பிழை.

இது தையலுக்கு இல்லை, என் மனதுக்கு. ஸிராஜ் அதை முன்பு கண்டிருக்கிறானா? ஒருநாளாவது தொட்டிருக்கிறானா? அவன் இல்லை என்கிறான். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்த பிள்ளையின் பேச்சை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பெற்றவள் எனக்கே சில நாள் சந்தேகம் வந்துவிடுகிறது. உங்கள் வாயால் ஒரு வார்த்தை தெரிந்தால் எனக்கு நிம்மதி.

உங்கள் தங்கச்சி,
அஃபீபா

*

ரெக்ஸ்டேல்
30.10.2025

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். என்ன கேள்வி இது? அல்லாஹ் மேல் ஆணை, அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமே தெரியாது. அவன் கண்டதும் இல்லை, தொட்டதும் இல்லை. என்னிடம் அது இருப்பதே பொலிஸ் எடுத்துக் காட்டும் வரை அவனுக்குத் தெரியாது. பிடிபட்ட அடுத்த நாள் நான்தான் அவனிடம், "ஒப்புக்கொள், முதல் தரம் என்றபடியா சின்னத் தண்டனைதான் கிடைக்கும்" என்று சொன்னேன். அவன் என் சொல்லை நம்பினான். அவனைப்போல ஒரு மருமகன் யாருக்குக் கிடைப்பான்? அவன் வெளியே வந்ததும் அவனுக்கு ஒரு வண்டி எடுத்துக் கொடுப்பது என் கடமை.

குளிர் தொடங்கிவிட்டது. கோட் எங்கே? வேறு யாருக்கும் இவ்வளவு நாள் எடுப்பாயா?

நானா,
ஸியாத்

*

மோர்னிங்சைட்
05.11.2025

நானா,

கோட்டை றொபேட்டிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். உள்பை தைக்கவில்லை. கிழிந்த லைனிங்கைத் தைத்து, கழுத்துக்கு ஒரு கனத்த துணி வைத்திருக்கிறேன். பொலிஸ் பிடித்ததும் முதலில் வைக்கும் இடத்தில் பயங்கரக் குளிர் என்று ஸிராஜ் சொன்னான். உங்களுக்குச் சீனியும் இருக்கிறது.

உங்கள் மூன்று கடிதமும் இப்போது ஸிராஜின் வக்கீல் துர்க்காவிடம் இருக்கின்றன. வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இதை எப்பிடி அக்கா எழுத வைச்சனீங்கள்?" என்று கேட்டா. "அளவு எடுத்தனான்" என்று சொன்னேன். வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி மேல் நீதிமன்றத்தில் கேட்கலாம் என்றா. அதிலும் உங்கள் கடைசிக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தா.

நான் ஆரம்பத்திலேயே இப்படி நினைத்து எழுதினேன் என்று எண்ண வேண்டாம். முதலாவது கடிதத்தை எழுதியபோது நீங்கள் என் நானா. நாளைக்குப் போய்ச் சொல்கிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நீங்கள் உள்ளே இருக்கும் வரை உங்கள் பிள்ளைகளை என் பிள்ளைகளாகப் பார்த்திருப்பேன். நீங்கள் கோட்டை அனுப்பினீர்கள். என் பிள்ளையை உள்ளே தள்ளிய அதே பொருளுக்கு, என் கையாலேயே, குத்தாத பை தைக்கச் சொல்லி அனுப்பினீர்கள். அந்த இரண்டு நாளும் கடையைப் பூட்டிவிட்டு உங்கள் கோட்டை முன்னால் போட்டுக்கொண்டு இருந்தேன். கத்தரிக்கோலால் கீறிப் போடலாம் போல இருந்தது. பிறகு, துணி என்ன பாவம் செய்தது, ஆளை வெட்டுவோம் என்று முடிவெடுத்தேன்.

உங்களை நான் வெறுக்கிறேன். பதினேழு மாதமாக அதைச் சொல்லப் பயந்துகொண்டிருந்தேன். எழுதியதும் பசித்தது. இரண்டு பராட்டா சாப்பிட்டேன்.

அஃபீபா

*

ரெக்ஸ்டேல்
06.11.2025

தங்கச்சி,

நீ இப்படிச் செய்வாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. கூடப் பிறந்தவனுக்குக் குழி வெட்டிவிட்டுப் பராட்டா சாப்பிட்டேன் என்று எழுத உனக்குக் கை கூசவில்லையா? உம்மாவின் கபுர் மண் இன்னும் காயவில்லை. அவ ரூஹ் என்ன பாடுபடும்?

ஒன்றை மறந்துவிட்டாய். உன் கடிதங்களை நான் கிழிக்கவில்லை. பொலிஸுக்குப் பொய் சொன்னேன் என்று உன் கையால் எழுதியிருக்கிறாய். பை வைக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். நான் விழுந்தால் நீயும்தான் விழுவாய். கடையும் போகும். பிறகு ஸிராஜ் வெளியே வந்து யாரைப் பார்ப்பான்?

நான் மிரட்டவில்லை, கெஞ்சுகிறேன். அந்த வக்கீலிடம் கடிதங்களைத் திருப்பி வாங்கு. அவனுக்கு இன்னும் இரண்டு வருஷம்தான், பாதியிலும் விடுவார்கள். எனக்கென்றால் இரண்டு துப்பாக்கிக்கும் சேர்த்துப் போடுவார்கள். மூத்தவளுக்கு அடுத்த வருஷம் கலியாணம் பேசியிருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்வது? றொபேட் கடை வாசலில் நிற்பார். ஓம் என்று ஒரு சொல் எழுதிக் கொடு, போதும்.

நானா

*

மோர்னிங்சைட்
09.11.2025

ஸியாத் அவர்களுக்கு,

றொபேட்டை அன்றைக்கு வெறுங்கையோடு அனுப்பினேன். தேத்தண்ணி கொடுத்துத்தான் அனுப்பினேன், அவர் என்ன செய்வார். இன்றைக்கு நானே கூப்பிட்டு இதைக் கொடுக்கிறேன்.

என் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருங்கள். எல்லாவற்றிலும் திகதி போட்டிருக்கிறேன். பொய் சொன்னதை உங்களுக்கு எழுதியது மட்டுமில்லை, துர்க்காவிடமும் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டேன். "உங்களிலயும் வழக்கு வரலாம், ஆறுதலா யோசியுங்கோ அக்கா" என்றா. அவ பேனாவைத் தேடி எடுக்கும் வரை யோசித்தேன். என்னை உள்ளே போட்டால் போடட்டும். உங்களுக்குப் பக்கத்துக் கூட்டில் போட்டாலும் நான் சலாம் சொல்ல மாட்டேன்.

நாளைக் காலை பத்து மணிக்கு நானும் துர்க்காவும் பொலிஸுக்குப் போகிறோம். அதற்கு முதல் நீங்களாகப் போய்ச் சொன்னால் உங்களுக்குக் கொஞ்சம் குறையும் என்று அவ சொல்லச் சொன்னா. சொல்லுவதில்லை என்றுதான் இருந்தேன், சொல்லிவிட்டேன். ஓடுவதென்றாலும் ஓடுங்கள். ஓடுகிறவன்தான் செய்தவன் என்று மாப்பிள்ளை வீட்டுக்கும் விளங்கும். எதைச் செய்தாலும் இன்றைக்கு உங்களுக்கு நித்திரை வராது. அதற்காகத்தான் ஒரு நாள் முன்னதாக எழுதுகிறேன். பதினேழு மாதம் எனக்கு வராத நித்திரை அது.

உம்மாவின் பெயரை இனி எடுக்காதீர்கள். ஸிராஜ் அல்பேர்ட்டாவில் வேலை செய்கிறான் என்று வெள்ளிக்கு வெள்ளி நான் உம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வெள்ளிக்கிழமை, மூச்சு வாங்க வாங்க, "அங்கயும் ஜும்ஆ இருக்கா மகள்? அவன் போறானா?" என்று கேட்டா. போகிறான் உம்மா என்றேன். சாகப் போகிற தாயிடம் உங்களுக்காகச் சொன்ன பொய் அது. மற்ற எதை மன்னித்தாலும் அதை மன்னிக்க மாட்டேன். மறுமையில் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

நேற்று ஸிராஜைப் பார்க்கப் போனேன். மெலிந்துபோயிருக்கிறான். வழக்கைத் திரும்ப எடுக்கப் போகிறார்கள், மாமாவின் கையெழுத்திலேயே எல்லாம் இருக்கிறது என்று சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன், "மாமா தானாச் சொன்னாரா உம்மா?" என்று கேட்டான். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவன் முகம் அதைத்தான் கேட்டது, எனக்கும் வாய் வரை வந்தது. உங்களுக்காக இன்னும் ஒரு பொய். இல்லை மகன் என்றேன்.

ஸிராஜின் உம்மா